கதவுநிலையில் இரண்டு துளைகள்

பிள்ளை,

நேரில் கதைக்கத் தொடங்கினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொல்லச் சொல்ல “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ பொறுமை இழந்து பிரெஞ்சுக்கு மாறி, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேனா என்று கேட்டாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல நிறைய இருந்தது, எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் வழி தவறிவிடுவேனோ என்ற பயத்தில், சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன். சிரிக்காதே. மருந்துக் களஞ்சியத்தில் இருப்புப் பார்த்தே ஓய்வு பெற்றவனுக்கு வேறு விதமாக எழுத வராது.

1. பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பைத் தடுக்க வரப்போகும் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன் என்பதும், அதற்கான காரணமும்.
2. அதே சட்டத்தைப் பற்றி எனக்குள்ள பயம்.
3. பாரிசின் புறநகரான சார்செல்லில் நாங்கள் முன்பு இருந்தபோது எதிர்வீட்டில் இருந்த மதாம் ரஷெல்.
4. வருகிற செவ்வாய்க்கிழமை நீ நாடாளுமன்றக் குழுவின் முன் போய், உன் பெயரைச் சொல்லிச் சாட்சி சொல்லக்கூடாது என்பது.

நான்காவதைச் சொல்வதற்காகத்தான் முதல் மூன்றும் என்று நீ நினைப்பாய். உண்மைதான்.

முதலில், நடந்ததை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். நீ பயிற்சி வகுப்பு எடுக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் லியா என்று ஒரு பிள்ளை. யூதக் குடும்பம் என்பது அவளுடைய குடும்பப் பெயரிலேயே தெரிந்துவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் குழு வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது, மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அவளிடம், காசாவைப் பற்றி நீ எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது, பிறகு சேர்க்கிறோம் என்றான். அவள், நான் பாரிசில் பிறந்தவள், இங்கே புள்ளியியல் படிக்க வந்திருக்கிறேன் என்று எழுதினாள். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு வகுப்பில் அவள் உட்காரும் வரிசையில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. ஒரு நாள் அவளுடைய மேசையில் கத்தி முனையால் ஒரு சொல் கீறியிருந்தது. அந்தச் சொல்லை நீ என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாய். ஒவ்வோர் அறையிலும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். லியா வரவில்லை. “உங்களுக்கு நன்றி, இனி வரமாட்டேன்” என்று உனக்கு மட்டும் எழுதியிருந்தாள். இப்போது சட்டம் பற்றி விசாரிக்கும் குழு, பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்களிடம் சாட்சியம் கேட்கிறது. நீ போகச் சம்மதித்துவிட்டாய். உன் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை என்பதையும் நீதான் எனக்குச் சொன்னாய்.

இனி முதலாவது. சட்டம் என்ன செய்யும் என்று நீ விளக்கினாய்: ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பட்ட முறைப்பாட்டைக் கேட்பதையே கடமையாகக் கொண்ட ஒருவர் இருக்க வேண்டும், யூத வெறுப்பு என்றால் என்ன, அது என்னென்ன உருவத்தில் வரும் என்று ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும், முறைப்பாடு வந்தால் ஒழுக்காற்று விசாரணை இழுபடாமல் நடக்க வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பேராசிரியரின் அறை ஞாபகம் வந்தது. தென்னிலங்கையில் நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வடக்கில் ஒரு குண்டு வெடித்தது. வானொலி சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் உணவுச்சாலையில் என் வகுப்புத் தோழன் ஒருவன், “ஏன் உங்கள் ஆட்கள் இப்படிச் செய்தார்கள்?” என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, ஏதோ கணக்குக் கேட்பதுபோல. அந்தக் கிழமை முடிவதற்குள் என் மேசையில் நான் மட்டும் இருந்தேன். ஆய்வுகூடத்தில் எனக்குச் சோடியாக இருந்தவன் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் துணிந்து போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் நல்லவர். எனக்குத் தேநீர் வரவழைத்தார். பிறகு, “ஒருவரும் உன்னை அடிக்கவில்லையே. எந்த விதியின் கீழ் நான் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?” என்றார். அவர் சாட்டுச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவரிடம் விதி இல்லை. நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பட்டத்தைப் பிறகு வெளிவாரியாக, வகுப்புக்குப் போகாமல்தான் முடித்தேன்.

அதனால், நல்ல மனம் இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்தத் தேநீரைத்தான் சொல்வேன். நல்ல மனம் தேநீர் தரும், அதற்கு மேல் அதனால் முடியாது. அடித்த பிறகுதான் விதி தொடங்கும் என்றால், அடி விழும் வரை நடப்பதெல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடுகிறது. அப்படி அனுமதிக்கப்பட்டவை ஒவ்வொன்றாகக் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கேள்வி, பிறகு காலி நாற்காலி, பிறகு சுவரில் ஒரு சொல். நான்காவதாகக் கலவரம் வந்தது, உனக்குத் தெரியும். அந்த நகரத்திலிருந்து நானும் உன் அம்மாவும் கப்பலில் ஏறித்தான் வடக்கே போனோம். லியாவின் கதையை நீ சொன்னபோது நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். எனக்கு அந்த வரிசை தெரியும். அடுத்தது எது என்று தெரிந்தவன் வாயடைத்துத்தான் போவான்.

இரண்டாவது, என் பயம். இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதே. கோழைத்தனமும் இருக்கிறது, ஆனால் அது மட்டுமில்லை. வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் பாரிஸ் தெருக்களில் நின்றோம். அங்கே சாகிறவர்களுக்காகத்தான் நின்றோம். எங்களைப் பார்த்த பலருக்கு அது விளங்கவில்லை. பயங்கரவாதம் என்ற ஒரே சொல்லால் எங்கள் எல்லோரையும் மூடிவிட்டார்கள். சரியான நோக்கத்தோடு எழுதிய ஒரு சொல், பிழையான கையில் எவ்வளவு பெரிய மூடியாகும் என்று அன்று பார்த்தேன். இந்தச் சட்டமும் காசாவில் சாகும் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்கும் மாணவரின் வாயில் போய் விழுந்தால், நாங்கள் அன்று பட்டதை வேறு யாரோ படுவார்கள். ஓர் அரசைத் திட்டுவது வேறு, அந்த அரசுக்காக ஒரு பிள்ளையிடம் கணக்குக் கேட்பது வேறு. சட்டம் இரண்டாவதை மட்டும் பிடிக்க வேண்டும். அந்தக் கோட்டை யாராவது குழுவின் முன் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது: யாராவது என்று எழுதுகிறேன், யார் என்று எழுதவில்லை.

இதையே யோகனிடம் சொல்லப் பார்த்தேன். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ லூயி-பிளாங்கில் போன் கடை வைத்திருக்கும் யோகனை உனக்குத் தெரியும், சார்செல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்தவன். திங்கட்கிழமை என் தொலைபேசிக்குக் காசு போடப் போனேன். கடைக்குள் நாலு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் கதை நின்றது. அந்த மௌனத்தை நான் உணவுச்சாலையில் கேட்டவன், எனக்கு அடையாளம் தெரியும்.

“மாஸ்டர், உங்கட மகள் யூதருக்காகக் கதைக்கப் போறாவாம்?” என்றான் யோகன். ஊரில் கொஞ்சக் காலம் படிப்பித்ததால் அவனுக்கு நான் இன்னும் மாஸ்டர்தான்.

“ஆர் சொன்னது?”

“உதென்ன ரகசியமே? எல்லாற்றை போனுக்கும் வந்திட்டுது, படத்தோட. எங்களை அங்கை அடிக்கேக்க ஆர் வந்து கதைச்சவை? இப்ப காசாவிலை பிள்ளையள் துடிக்குதுகள். அதைக் கதையாமல் இதென்ன கூத்து?”

“அவள் அதையும் கதைக்கிறவள்தான். ஆனா அந்த வகுப்பிலை இருந்த பிள்ளை குண்டு போடேல்லை, யோகன். அது கணக்குப் படிக்க வந்த பிள்ளை.”

“நல்லது. அப்ப அதின்ரை ஆக்கள் கதைக்கட்டும். அவைக்கு ஆக்கள் இல்லையே?” நாலு பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். நீங்கள் என்ரை ஆள் எண்டு இந்தப் பக்கம் தெரியாத ஆள் இல்லை. கதைக்கிறது உங்கட மகள், உடையிறது என்ரை கடைக் கண்ணாடி. பாருங்கோ, எவ்வளவு பெரிய கண்ணாடி!”

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், யோகன் சொல்வது சரிதானே, அவரவர் ஆட்கள் அவரவருக்காகக் கதைத்தால் போதாதா என்று யோசித்தேன். இந்தக் கடிதத்தின் நான்காவது எண் அங்கேதான் பிறந்தது.

மூன்றாவது, மதாம் ரஷெல். உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். சார்செல் வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது வாசல் நிலையின் வலப்பக்கத்தில், தோள் உயரத்தில், விரல் நீளத்தில் ஓர் உலோகக் கூடு திருகாணி போட்டுச் சாய்வாக மாட்டியிருந்தது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஏதோ சாமிப் பொருள் என்று உன் அம்மா முடிவு செய்தாள். யாருடைய சாமியாக இருந்தால் என்ன, வாசலில் இருப்பதைப் பட்டினி போடக்கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தூனிசியாவிலிருந்து வந்து அங்கே நெடுநாள் இருந்த மதாம் ரஷெல், கையில் பையோடு அப்படியே நின்று பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். அது மெசூசா, உள்ளே வேத வரிகள் எழுதிய தோல் சுருள் இருக்கிறது, யூதர் வீட்டு வாசலின் அடையாளம் என்று எங்களுக்கு விளக்கினார். “இவ்வளவு நன்றாக அலங்கரித்த மெசூசாவை நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்றார். யூதர் இல்லாத வாசலில் அது இருக்கக்கூடாதாம். தானே கழற்றி, துடைத்து, எடுத்துப் போனார். குங்குமத்தின் சிவப்பு அதன் இடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே போனது.

அன்று உன் அம்மா அவருக்கு உளுந்து வடை கொடுத்தாள். மதாம் நன்றி சொல்லி, எங்கள் தட்டைத் தொடாமல், உள்ளே போய்த் தன் தட்டைக் கொண்டுவந்து அதில் வாங்கினார். கதவு சாத்தியதும் உன் அம்மா கொதித்தாள். “எங்கட கோப்பையிலை சாப்பிடமாட்டாவாமோ? இஞ்சை வந்தும் இதுவோ?” யாழ்ப்பாணத்தில் ஒருவர் எங்கள் பாத்திரத்தைத் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நாங்கள் அதைத்தான் நினைத்தோம். அவர்களுடைய உணவு விதியில் பாத்திரமும் சேரும் என்று பிறகு விளங்கியது. எங்களுக்குப் பட்ட காயத்தின் அச்சிலேயே மற்றவரையும் அளந்துவிட்டோம். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவரே தட்டோடு வந்து நிற்பார். எங்களுக்கு மரக்கறி நாள், அவருக்கு மாலையில் மெழுகுதிரி ஏற்றும் நாள். உன் அம்மாவின் பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்தின.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தள அஞ்சல் பெட்டிகளும் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் ஒரு பெயர் மட்டும் இருந்ததே இல்லை. புதிதாக வந்த பெடியன்களுக்கு நிலையான முகவரி கிடையாது. ஒரு முகவரி இருந்தால்தான் அகதி மனு விசாரணைக்கு அழைக்கும் கடிதம் வரும். பெயர் பெட்டியில் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லை என்று கடிதம் திரும்பிப் போனால் விசாரணையும் போய்விடும், ஆளும் போய்விடுவான். அதனால் யார் வந்து கேட்டாலும் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவேன். யோகனின் பெயரும் அப்படித்தான் அங்கே இருந்தது. பெட்டி முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாகப் பெயர்கள். “இது வீடா, ரயில் நிலையமா?” என்று தபால்காரர் கேட்பார்.

ஒரு நாள் காலை கீழே இறங்கியபோது கருகல் மணம். பெட்டி வரிசையில் ஒன்றே ஒன்று எரிந்திருந்தது. எங்களுடையதற்குப் பக்கத்துப் பெட்டி, மதாம் ரஷெலுடையது. பெயர் இருந்த இடத்தில் கருமை. தீ எங்கள் பெட்டிக்குப் பரவவில்லை. ஒட்டியிருந்த காகிதங்களின் ஓரம் மட்டும் பழுப்பாகியிருந்தது. யார் என்று கண்டுபிடிக்கவில்லை. அடுத்த நாள் மதாம் தன் வாசலில் இருந்த மெசூசாவைக் கழற்றி, நிலையின் உட்பக்கத்தில், வெளியே தெரியாதபடி மாட்டினார். வெளிப்பக்கத்தில் இரண்டு துளைகள் மிஞ்சின. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மரத்துளை அடைக்கும் களிம்பு வாங்கி வந்து, துளைகளை நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, கதவின் நிறத்துக்கே நிறம் கலந்து பூசினேன். மதாம் என் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். நீ பள்ளிக்கூடப் பையோடு பின்னால் நின்று, “அப்பா, ஏன் அழிக்கிறீங்கள்?” என்று கேட்டாய். அழிக்கவில்லை, திருத்துகிறேன் என்றேன். அதற்கு அடுத்த ஆண்டு மதாம் தெற்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அந்தக் கதவைப் பார்க்கும் யாருக்கும் அங்கே யார் இருந்தார் என்று தெரியாது. அவ்வளவு சுத்தமாகப் பூசியிருந்தேன்.

இங்கே நேற்று நிறுத்தினேன். நான்காவதை இன்று எழுத வேண்டும்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. புதன்கிழமை காலை, இங்கே மார்க்ஸ் டோர்மோய் பக்கம் எங்கள் இப்போதைய வீட்டின் அஞ்சல் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. உறை இல்லை, முத்திரை இல்லை. யாரோ கட்டடத்துக்குள் வந்து கையால் போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் உன் புகைப்படத்தைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். ஒரு சொல்கூட எழுதவில்லை. இரண்டு கண்களையும் பேனா முனையால் குத்தி எடுத்திருந்தார்கள். தாளைத் தூக்கிப் பிடித்தால் அந்த இரண்டு துளைகளுக்குள்ளால் மின்விளக்கின் வெளிச்சம் வந்தது. வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் ஓர் இளைஞன் நின்றான். பஸ்ஸுக்கு நிற்கிறான் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் பஸ் ஓடுவதில்லை என்பது மாடி ஏறும்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி இறங்கிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. ஒருவேளை அவன் யாரோ ஒரு வழிப்போக்கனாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயங்கரமாக இருக்கிறது.

அதனால் சொல்கிறேன்: செவ்வாய்க்கிழமை போகாதே. எங்கள் குடும்பப் பெயர் நீளமானது, இந்த நகரத்தில் வேறு ஒருவருக்கும் இல்லாதது, யாரும் தேடி எடுத்துவிடலாம். சட்டம் வேண்டும், வரட்டும். அதை ஆதரிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பாதுகாப்போடு இருப்பவர்கள் பேசட்டும். நீ பெயரில்லாமல் எழுதிக் கொடு. லியாவுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடு, வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மாவின் கையால் சாப்பாடு போடு. உதவி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வெளியே தெரியாமல் செய் என்கிறேன். இதுதான் நான்காவது.

இதை எழுதி முடித்துவிட்டு, சொன்னதை நானே முதலில் செய்து காட்டுவது முறை என்று நினைத்தேன். திருப்புளியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். “உங்களுக்குப் பயம் வந்தா உடன திருப்புளியைத் தூக்கிப்போடுவியள்” என்று உன் அம்மா பின்னால் சொன்னாள். அவளுக்குத் தாளைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் பெயர்ப்பட்டையைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். பழைய மரப் பெட்டி, சின்னத் திருகாணிகள், சுலபமாக வந்துவிட்டன. பட்டை இருந்த இடத்தில் இரண்டு துளைகள் தெரிந்தன. அவற்றையும் மூடிவிடலாம் என்று மேலே போய்க் களிம்பு டப்பாவை எடுத்து வந்தேன். திரும்பி வரும்போது யோகன் கீழே நின்றான். திங்கட்கிழமை கடையில் நான் மறந்து விட்டுப்போன மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாஸ்டர், பேர் எங்கை?”

“கழட்டிப்போட்டன்.”

“ஏன்?”

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தான். கடையில் அன்று சிரித்த ஆள் போலவே அவன் இல்லை.

“இந்தப் பிள்ளையை நான் தூக்கி வைச்சிருந்தனான்” என்றான். பிறகு கோபம் வந்தது, என் மீது. “அதுக்கு நீங்கள் பேரைக் கழட்டுறதோ? பேர் இல்லாட்டில் கடிதம் வராது, கடிதம் வராட்டில் ஆளே இல்லை எண்டு எனக்குச் சொன்னது ஆர்? நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள்? அண்டைக்குப் பக்கத்துப் பெட்டி எரிஞ்சு கிடக்கேக்கையும் எங்கட பேரைக் கழட்டேல்லை நீங்கள்.”

“அண்டைக்கு எரிஞ்சது அவவின்ரை பெட்டி” என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது.

யோகனுக்கும் விழுந்திருக்க வேண்டும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “உந்தச் சட்டம் எனக்கு இப்பவும் பிடிக்கேல்லை” என்றான். “நாளைக்கு எங்களுக்கும் பூட்டுப் போடுவாங்கள். அது வேற கதை. இது வேற.” என் கையிலிருந்து திருப்புளியை வாங்கினான். “பட்டையைத் தாங்கோ.”

நான் கொடுக்கத் தயங்கினேன். அந்தத் தயக்கத்தையும் உனக்கு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இப்போதும் அது போகவில்லை. கையில் களிம்பு டப்பா, எதிரே இரண்டு துளைகள். மதாம் ரஷெலின் கதவில் நான் பூசியது உதவி என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். அவருக்கு அது உதவியாகவும் இருந்திருக்கலாம், எனக்கு நன்றி சொன்னாரே. ஆனால் பெட்டியை எரித்தவனுக்கு என்ன வேண்டியிருந்தது? அந்தப் பெயர் அங்கே இருக்கக்கூடாது என்பதுதான். அவன் அரைகுறையாக விட்டதை நான் தேய்த்து, நிறம் கலந்து, முடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பேராசிரியர் எனக்குத் தேநீர் கொடுத்தார், நான் மதாமுக்குக் களிம்பு பூசினேன், இப்போது லியாவுக்குத் தெரியாமல் சோறு போடு என்று உனக்குச் சொல்கிறேன். மூன்றும் ஒன்றுதான். இதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தும் கவனிக்காதவன் நான். வரிசை தெரிந்தவன் என்று முதலாவதில் பெருமையாக வேறு எழுதியிருக்கிறேன்.

பட்டை இப்போது பழைய இடத்தில் இருக்கிறது. யோகன் திருகாணிகளை எவ்வளவு இறுக்கினான் என்றால், இனி நான் நினைத்தாலும் கழற்ற முடியாது. நாளை காலை அந்தத் தாளைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது, முறைப்பாடு எழுதி வாங்கிக்கொண்டுதான் வருவேன். உன் அம்மாவுக்கு இன்று சொல்லிவிடுவேன். நீயும் உன் வீட்டு வாசலைக் கவனி, தனியாக வராதே. பயம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இதை எழுதும் மேசையிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதை தெரிகிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும் பார்த்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் எப்போதும் நிற்பதுபோலத்தான் இருக்கிறது.

குழுவின் முன் போனால் இரண்டாவதில் நான் எழுதியதையும் மறக்காமல் சொல். ஓர் அரசைத் திட்டும் வாய்க்குப் பூட்டுப் போடாதீர்கள், ஒரு பிள்ளையைச் சுற்றி நாற்காலிகளைக் காலியாக்கும் கைகளைப் பிடியுங்கள் என்று சொல். யோகனின் சந்தேகத்தையும் சொல், அது நியாயமான சந்தேகம். அதைச் சொல்ல, இந்த இரண்டாலும் அடி வாங்கிய வீட்டில் வளர்ந்த உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது என்று முன்பு எழுதினேனே, அந்த இடத்தை நிரப்பிவிட்டேன். உள்ளே விடுவார்களோ தெரியாது, நான் வாசல் வரை வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது ஒரு நகலை ரூ லூயி-பிளாங்கில் கடைகளுக்கு வரும் நம் மாத இதழுக்கும் கொடுக்கிறேன், என் பெயரைப் போட்டே வெளியிடச் சொல்லி. சுத்தமாகப் படியெடுத்து, மேலே எண் போட்ட நாலு வரிகளில் கடைசியை நீக்கிவிடலாம் என்று கை போனது. நீக்கவில்லை. மறுபடி ஒரு துளையை மூடியதாகிவிடும். வாசிப்பவர்கள் பார்க்கட்டும். முதல் மூன்றிலும் நான் இன்னும் நிற்கிறேன். நான்காவது பிழை, பிள்ளை.